அந்தப் பருப்பு இங்கே வேகாது

தேயிலைத் தோட்டத்து மக்களின் போஷாக்கைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எந்த வழியாகப் புறப்பட்டாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இந்தச் சனத்துக்குச் சத்தாகச் சமைக்கத் தெரியாது, கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் சாயத்தண்ணியையும் விட்டு வெளியே வரத் தெரியாது, பயறும் கடலையும் கௌபியும் இறைச்சியைவிட மலிவு என்பதை யாராவது சொல்லிக்கொடுத்தால் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். பதுளையில் நடக்கும் கூட்டங்களிலும் இதைக் கேட்கலாம், கொழும்பில் அச்சாகும் அறிக்கைகளிலும் படிக்கலாம். படித்த மலையக இளைஞர்களே இப்போது இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பதால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் பக்கத்தை முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். காய்ந்த பயறு வகைகளில் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பங்கு புரதம். அரிசியிலும் கோதுமையிலும் குறையும் லைசின் அதில் உண்டு. கெட்டுப்போகாது, குளிர்ப்பெட்டி கேட்காது, மூட்டையில் கட்டி எந்த மலைக்கும் ஏற்றலாம். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவுதான் தவறு: இவ்வளவு நல்ல பொருளை இந்த மக்கள் சாப்பிடவில்லை என்றால், தெரியாமல்தான் சாப்பிடவில்லை.

முதலில் இந்த "இந்த மக்கள்" யார் என்று பார்ப்போம். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆளெடுத்தபோது வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தவர்கள், பெரும்பாலும் மானாவாரிக் காட்டை நம்பியிருந்தவர்கள். கம்பும் கேழ்வரகும் வரகும் விளையும் அந்த மண்ணில் தட்டைப்பயறும் மொச்சையும் கொள்ளும் துவரையும் ஊடுபயிர். அரிசிச்சோறு பண்டிகைக்குத்தான், பயறு அன்றாடத்துக்கு. கொள்ளை வேகவைத்து இறுத்த தண்ணீரில் ரசம் வைப்பது, மொச்சையைக் கருவாட்டோடு சேர்ப்பது, பச்சைப்பயறை முளைகட்டுவது, பாசிப்பருப்பை வறுத்துப் பொங்கலில் போடுவது, நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒன்பது விதமாகச் சுண்டல் தாளிப்பது எல்லாம் அவர்கள் கடல் கடந்தபோது கூடவே வந்தவை. ஊவாவின் தோட்டத்துக் கோயில் எதற்காவது நவராத்திரியில் போய்ப் பாருங்கள். கடலை எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், உப்பு எப்போது போட வேண்டும், தேங்காய்ச் சொட்டு எவ்வளவு என்று கமிட்டிப் பெண்களுக்கு யாரும் அட்டை காட்டிச் சொல்லிக்கொடுத்ததில்லை. நூறு பேருக்குக் கடலை அவிக்கத் தெரிந்த ஊருக்குத்தான் ஐந்து பேருக்கு அவிக்கச் சொல்லிக்கொடுக்க வகுப்பு வைக்கிறார்கள்.

கோயிலில் அவிக்கிற கை வீட்டில் ஏன் அவிக்கவில்லை? கோயிலில் விறகுக்கு வரி வசூலிக்கிறார்கள், அண்டா இருக்கிறது, அன்று மலையில் வேலையில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதற்குள் இருக்கிறது.

லயத்து வரிசை வீட்டின் அடுப்படியில் பயறு இனத்தைச் சேர்ந்ததாக என்ன இருக்கிறது என்று பார்த்தால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று மைசூர்ப் பருப்பு, மற்றது சோயா மீட். கூடவே நெத்தலிக் கருவாடோ டின் மீனோ எப்போதாவது. ருசியில் இவற்றுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. சம்பந்தம் வேறொன்றில்: அனைத்தும் இருபது நிமிடத்துக்குள் இறக்கிவிடலாம். மைசூர்ப் பருப்பு தோல் நீக்கி உடைத்தது, சிறியது. ஊறவே வேண்டாம், பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். சோயா மீட் ஆலையிலேயே பாதி வெந்து வருவது. இதற்கு எதிரே கொண்டைக்கடலையை வையுங்கள். இரவு முழுக்க ஊறிய பிறகும் திறந்த சட்டியில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கௌபி ஊறியிருந்தால் முக்கால் மணி. சிவப்பு போஞ்சி விதை கடலையை ஒட்டி வரும். கடைக்காரர் ஒரு கிலோவுக்கு ஒரு விலை சொல்கிறார்; அடுப்பு அதற்கு மேல் இன்னொரு விலை கேட்கிறது. அந்த இரண்டாவது விலையைப் போஷாக்கு அட்டைகள் எதிலும் நான் கண்டதில்லை.

அந்த விலை மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி, கட்டாகக் கட்டி, தலையில் வைத்துக் கொண்டுவருவது. நன்றாக எரியும், சீக்கிரம் எரிந்தும் போகும். கைக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கவ்வாத்து எல்லா மலையிலும் எல்லாக் காலத்திலும் நடப்பதில்லை, ஒரு மலைக்குச் சில வருடத்துக்கு ஒருமுறைதான் சுற்று வரும். மழைக்காலத்தில் மிலாறு நனைந்து புகைகிறது. ஊவாவில் ஒக்டோபர் கடைசியில் தொடங்கும் மழை தைவரை இழுக்கும். மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது நினைவிருக்கும். கேஸ் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் அதே வருடம் ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்கு வந்தால். வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

நேரத்துக்கும் விலை உண்டு. கொழுந்து எடுக்கும் பெண் விடியுமுன் நாலு மணி, நாலரைக்கு எழும்புகிறாள். காலைக்கு ரொட்டி, பகலுக்குச் சோறு, ஒரு கறி. பிள்ளையைக் கழுவிப் பிள்ளைமடுவத்தில் விட்டு, ஏழரைக்கு முன் மலையில் நிற்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்து ஆகும். பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசை. அதற்குப் பிறகு கடலையை அடுப்பில் ஏற்றினால் எட்டு மணிக்கு இறக்கலாம், பிள்ளைகள் ஏழரைக்குத் தூங்கிவிடும். "ஊறப்போடுறதுக்கு மறந்துட்டாங்க" என்று ஒரு பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்திலிருந்த அக்கா ஒருத்தி, "ஊறப்போட மறக்கல மிஸ், வெறகுக்கு எங்க போறது" என்றாள். பயிற்சியாளரின் மேசையில் கேஸ் குக்கரும் பிரஷர் குக்கரும் இருந்தன. பதினைந்து நிமிடத்தில் கடலை வெந்து, எல்லோருக்கும் ஒரு கரண்டி கிடைத்தது.

பிரஷர் குக்கர் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். மூன்று கல் அடுப்பில் விறகெரித்துப் பிரஷர் குக்கர் பாவித்தவர்களுக்குத் தெரியும்: தீ பக்கவாட்டில் ஏறிப் பிடி உருகும், வாசர் சீக்கிரம் வெடிக்கும், அடி கரி பிடித்து விசில் எப்போது வரும் என்று கணிக்க முடியாது. வாசர் மாற்ற ஹப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். ஒரு நாள் பேர் போய்விடும்.

இன்னொன்றையும் கொழும்பில் அச்சடிக்கும் செய்முறைகள் மறந்துவிடுகின்றன, மலை உயரத்தை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ முந்நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே வரும். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. அங்கே தண்ணீர் 95 பாகைச் செல்சியஸ் சுமாரிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பதைப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், விதைக்குள் போகும் சூடு குறைவு. ஐந்து பாகைதானே என்று தோன்றும். சோற்றில் அது பெரிதாகத் தெரியாது, தோலோடு இருக்கும் கடலையில் நன்றாகத் தெரியும். தெஹிவளையில் ஒரு மணி நேரத்தில் குழையும் கடலை தம்பேத்தன்னைப் பக்கம் அடம்பிடிக்கும். ஆறாத அடுப்பு அங்கேதான் தேவை, குளிரும் மழையும் விறகை ஈரமாக்குவதும் அங்கேதான்.

இதற்கு மேல், தோட்டத்துக் கடைக்கு வந்து சேரும் பயறு பெரும்பாலும் பழசு. சூடும் ஈரமுமான கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பயறு உள்ளே இறுகிவிடும். கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு கல்சியமும் மக்னீசியமும் இறுகப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு நேரம் கொதித்தாலும் சில விதை கல்லாகவே நிற்கும். நம் பெண்கள் இதற்குச் சொல்லும் பெயர் "வேகாக் கடலை". கடைக்காரரைத் திட்டிக்கொண்டே பொறுக்கிப் போடுவார்கள். கொஞ்சம் உப்புப் போட்டு ஊறவைத்தால் அந்தப் பிடி தளரும். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலர் நம்புவது சரியல்ல. புளியும் தக்காளியும்தான் முன்கூட்டிப் போட்டால் வேக்காட்டைத் தடுக்கும். ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை நேரத்தைக் குறைக்கும், கூடவே வைட்டமின் பி1ஐக் கொஞ்சம் அழிக்கும். இவை கற்றுக்கொடுக்கத் தகுந்தவை. ஆனால் நான் பார்த்த வகுப்பு அட்டைகளில் இவை இல்லை. "பயறு உண்போம், பலம் பெறுவோம்" என்ற ரகத்தில்தான் இருக்கும்.

பாசிப்பயறைச் சொல்லி என்னை மடக்கலாம். அது ஊறாமலே அரை மணி, முக்கால் மணியில் வெந்துவிடும். தேங்காய்ப்பூவும் சம்பலும் இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தில் பயறு அவிகிறது. மற்ற நாளில் அவியாததற்கு விலை காரணம். உள்நாட்டு விவசாயியைக் காக்க இறக்குமதிக்கு வரியும் தடையும் மாறி மாறி வருகின்றன, பெரும்பாலான காலத்தில் பயறு மைசூர்ப் பருப்பைவிட விலை கூடுதல். 2020இல் உளுந்துக்கும் பயறுக்கும் இறக்குமதியை மறித்தபோது தோசையே விசேஷப் பலகாரமாகிப்போனது. உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த விவசாயி எங்கே இருக்கிறார் என்று பாருங்கள் என்கிறேன். ஊவா மாகாணம் பதுளை மட்டுமல்ல, மொனராகலையும் சேர்ந்தது. கொஸ்லந்தையில் பஸ் ஏறி, தியலும அருவியைத் தாண்டி இறங்கினால் வெல்லவாய. அங்கிருந்து புத்தல, தணமல்வில என்று விரியும் உலர்வலயத்தில்தான் பயறும் கௌபியும் சோளமும் விளைகின்றன. மீரியபெத்த மலையில் தெளிவான நாளில் நின்று தெற்கே பார்த்தால் அந்தச் சமவெளி கண்ணுக்குத் தெரியும். மாகாணம் ஒன்று, மாகாண நிர்வாகம் ஒன்று. கீழே அறுவடைக்காலத்தில் விலை விழுந்து விவசாயி அழுகிறார். மேலே பிள்ளை வளர்த்தி குறைந்து நிற்கிறது. நடுவில் இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர் மலைப்பாதை. அந்தப் பாதையைப் பற்றி ஒரு பயிலரங்கு வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

மீரியபெத்த என்ற பெயரை இந்த விவாதத்துக்குள் கொண்டுவரக் காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை அந்த மலை சரிந்து லயங்களை மூடியதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில உடல்களைத்தான் எடுக்க முடிந்தது, மற்றவர்கள் மண்ணுக்குள்ளேயே. அதற்குப் பிறகு அதிகாரிகள் தரப்பில் அதிகம் ஒலித்த வாசகம் நினைவிருக்கிறதா? 2005இலும் 2011இலும் எச்சரித்தோம், மக்கள் வெளியேறவில்லை. எச்சரித்தது உண்மைதான், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. எங்கே போவது என்று மக்கள் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. நிலம் கம்பனியின் குத்தகை, லயம் கம்பனியின் கட்டடம், வேலையும் அதே கம்பனியில். மாற்று இடம் கிடைத்தபோது அவர்கள் போனார்கள். அந்த இடம் கிடைக்க அனர்த்தமும் அதற்குப் பின் இரண்டு வருடமும் தேவைப்பட்டன. அதுவரை பல குடும்பங்கள் மகல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோருக்குள் சாக்கால் மறைப்புக் கட்டி வாழ்ந்தன. 2016 ஒக்டோபரில் பூனாகலை, மகல்தெனியவில் எழுபத்தைந்து வீடுகள் கையளிக்கப்பட்டன. தகவல் கொடுத்தோம், கேட்கவில்லை என்ற அதே வாதம்தான் இப்போது பயறுக்கு வந்திருக்கிறது. வழியைக் கொடுக்காமல் தகவலைக் கொடுத்துவிட்டு, நடக்காததற்குக் கேட்டவரையே குற்றவாளியாக்குவது. மண்சரிவில் அது எவ்வளவு கொடூரமாக இருந்தது என்று எல்லோரும் பார்த்துவிட்டோம். அடுப்படியில் அது மெதுவாக நடப்பதால் கண்ணில் படவில்லை.

வீட்டுத்தோட்டம் போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. புதிய வீடுகளுக்குக் கிடைத்தது ஏழு பேர்ச் காணி, ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு 550 சதுர அடி, அதாவது ஐம்பது சதுர மீற்றருக்குச் சற்று மேல். மலசலகூடக் குழி, நடைபாதை, மண் சரியாமல் விடும் படிக்கட்டு எல்லாம் போக நூறு சதுர மீற்றர் மிஞ்சுகிறது என்று தாராளமாக வைப்போம். பயறு, கௌபி ஹெக்டேருக்கு ஒரு தொன் என்று கணக்கிட்டால் அந்த நூறு சதுர மீற்றரில் போகத்துக்குப் பத்துக் கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிராம் வீதம் வருடத்துக்குத் தொண்ணூறு கிலோ வேண்டும். பத்துக் கிலோ நாற்பது நாளைக்குக் காணும். அதுவும் பன்றியும் குரங்கும் விட்டுவைத்தால், உலர்வலயப் பயிர் மூடுபனியில் காய் பிடித்தால். இது ஏழு பேர்ச் கிடைத்தவர்களின் கணக்கு. இன்னமும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இருப்பவர்களுக்கு வாசலில் இஸ்தோப்பும் அதற்கப்பால் கானும்தான். கறிவேப்பிலை, போஞ்சிக் கொடி, பச்சைமிளகாய்க்கு வீட்டுத்தோட்டம் நல்லது. புரதத்துக்கு அதைக் காட்டுவது ஏமாற்று.

மைசூர்ப் பருப்பு போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இரண்டையும் மக்கள் கேட்டு நடத்தவில்லை. எழுபதுகளில் ஐக்கிய முன்னணி அரசு பருப்பு, மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியது. உள்ளூர் உணவுக்குத் திரும்பச் சொன்ன காலம் அது. கிராமத்தவருக்குத் திரும்பப் பலா மரமும் வயலும் இருந்தன. தோட்டத்தவருக்குத் திரும்ப ஒன்றுமில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. அந்தத் தலைமுறையினர் இன்றும் அதைப் பஞ்ச காலம் என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது 2022. பருப்பு கிலோ ஐந்நூறு ரூபாவைத் தாண்டியது. ஒரு நாள் முழுப்பேருக்கு இரண்டு கிலோகூட இல்லை. தெரிவு செய்ய வேறு பயறு இருந்திருந்தால், அல்லது கடலையை வேகவைக்க எரிபொருள் இருந்திருந்தால் மக்கள் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள். திரும்பியது ரொட்டியை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கும் பக்கம்.

எதிர்வாதத்தைச் சோதிக்க இதைவிடச் சுத்தமான வழி ஒன்று இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இதே லயங்களிலிருந்து குடும்பங்கள் பிரிந்து போயின. அண்ணன் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும், தம்பி ஊவாவிலேயே. பிறப்பும் பழக்கமும் சமையலும் ஒன்று. போனவர்களின் வாழ்க்கை சொர்க்கம் என்று நான் கதைவிடப் போவதில்லை. நீலகிரியில் அவர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால் தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடையில் மானிய விலைக்குத் துவரம்பருப்பு கிடைக்கிறது, இன்றும் கிலோ முப்பது ரூபாய். அதே காலத்தில் எரிவாயு அடுப்பும் இணைப்பும் ஏழை வீடுகளுக்கு இலவசமாகப் போயின. 2011க்குப் பிறகு மிக்சியும் கிரைண்டரும். பள்ளிச் சத்துணவில் கடலையும் பயறும் அவித்துக் கொடுக்கிறார்கள். பெண்களைக் கூட்டிவைத்துப் பருப்பு நல்லது என்று விளக்கிவிட்டா அந்த அரசுகள் இதைச் செய்தன? விலையையும் அடுப்பையும் கையில் கொடுத்தன, பருப்பு தானாகவே சட்டிக்குள் போனது.

வெளி உலகிலும் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் போஞ்சி விதைதான் ஏழைகளின் அன்றாட உணவு. அங்கேயும் விறகுதான் தட்டுப்பாடு. விஞ்ஞானிகள் சீக்கிரம் வேகும் இனங்களைத் தேடித் தெரிந்தெடுக்கிறார்கள். கென்யாவிலும் உகண்டாவிலும் முன்கூட்டியே வேகவைத்துக் காயவைத்த போஞ்சியைச் சந்தைக்குக் கொண்டுவர முயன்றார்கள். சுமையை விதையின் மேலும் ஆலையின் மேலும் வைத்தார்கள். நாம் அதைத் தூக்கிக் கூடை சுமக்கும் முதுகின் மேலேயே வைக்கிறோம்.

அப்படியானால் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதை மறைத்தால் நானும் பொய் சொன்னவனாவேன். கொழும்புக் கடையிலும் வீட்டுவேலையிலும் இளமையைக் கழித்துவிட்டுத் திரும்பும் பெண்பிள்ளைகளுக்குக் கொள்ளு ரசம் தெரியாது. பாட்டிக்குத் தெரிந்தது அம்மாவிடம் பாதியாகி மகளிடம் நூடில்ஸில் முடிந்திருக்கிறது. சிவப்பு போஞ்சி விதை நம் மரபில் இல்லாதது. அதை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்; விறகு மிச்சம் பிடிக்க மெல்லிய சூட்டில் அரைவேக்காடாக விட்டால் அதிலுள்ள நஞ்சு அழியாமல் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இது கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டியது. அதைவிட முக்கியமானது, சொன்னால் கம்பனிக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்று: சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து கணிசமாக உடம்பில் சேராமல் போய்விடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால், சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்தால் நிலைமை மாறும். இரத்தச்சோகையுள்ள கர்ப்பிணிகள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் காசு செலவில்லாத இந்த ஒரு தகவலுக்காக வகுப்பு வைத்தால் நான் கதிரை தூக்கிப் போட வருவேன்.

குடியைப் பற்றி ஒரு வரி. "சம்பளத்தைச் சாராயத்தில் கொட்டுகிறார்கள், பிறகு பயறுக்குக் காசில்லை என்கிறார்கள்" என்பது அடுத்த குரல். குடி இருக்கிறது, வீடுகளை அழிக்கிறது. ஆனால் ஆண் குடிக்காத வீட்டிலும் அடுப்பில் மைசூர்ப் பருப்புத்தான் இருக்கிறது. குடியை ஒழிக்கும் வேலை வேறு. அதைக் காட்டி விறகுக் கணக்கை அழிக்க முடியாது.

வேறு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அடுப்பை லயத்திலிருந்து தூக்குங்கள், முழுக்க இல்லை, பயறு வேகும் அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும். பல தோட்டங்களில் பிள்ளைமடுவத்தில் ஏற்கனவே அடுப்பு எரிகிறது, சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். அங்கே ஒரு பெரிய பாத்திரத்தில் இரவு ஊறிய கௌபியோ கடலையோ பகலில் வெந்தால், மாலையில் பிள்ளையைத் தூக்க வரும் தாய் ஒரு கிண்ணத்தில் வெந்த பயறையும் எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டில் தாளிக்கப் பத்து நிமிடம். ருசி அவளுடையது, கடுகும் செத்தல் மிளகாயும் எவ்வளவு என்பதை அவளே தீர்மானிப்பாள்.

எரிபொருள் எங்கே என்றால், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ஸ்டோர் இருக்கிறது. தேயிலை காய்ச்சும் உலைக்கு விறகு லொறி லொறியாக இறங்குகிறது. கொழுந்து உலர்த்த நூறு பாகைக்கு அருகே சூடான காற்று மணிக்கணக்கில் ஓடுகிறது, அதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் காய்ச்சி ஒரு டிவிஷனுக்குத் தேவையான பயறை வேகவைப்பது பொறியியலில் பெரிய காரியமில்லை. கேட்டால் தோட்டத்தின் வேலை அதுவல்ல என்பார்கள். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலத்தோடு சேர்ந்து அதில் வாழும் மனிதரும்தான் கணக்கில் போனார்கள்; சம்பளத்தில் கோயில் காசு, சங்கச் சந்தா, கடன் தவணை என்று பிடிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளைக்கு, வெல்லவாயப் பயறு மூட்டையைக் கூட்டுறவில் மொத்தமாக வாங்கி அதே பற்றுச்சீட்டில் தவணையாகப் பிடிக்கவும் தெரியும். மாகாண விவசாயத் திணைக்களமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் பதுளை நகரிலேயே இருக்கின்றன. அடுத்த போஷாக்கு மாதத்துக்கு அச்சடிக்க வைத்திருக்கும் காசில் முதல் மூட்டையை அவர்கள் இருவரும் சேர்ந்து மலைக்கு ஏற்றட்டும். எத்தனை கிலோ தேவை என்பதைப் காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் நின்று பெண்களிடம் கேட்டால் ஒரு காலையிலேயே பட்டியல் கிடைத்துவிடும்.